கள்ளுக்கடை மேட்டில் நின்ற வண்டி

அத்தியாயம் பதினான்கு

பிள்ளையில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சௌந்திரம், தீட்டுக் கழிகிற வரைக்கும் அம்மா வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்த முதல் நாள் இது. வந்ததும் கண்ணில் பட்டது அந்த வண்டிதான்.

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. சௌந்திரத்தின் அப்பா சென்றாய கவுண்டர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய மோட்டார். மலைக்குளிரில் பழகிய அதற்குக் கீழ்நாட்டு வெயில் ஆகாது. மாசி பிறந்துவிட்டால் இருமும். மேடு கண்டால் தயங்கும். கவுண்டர் கண்ணை மூடுவதற்கு முந்தின வருஷம், மகள் கல்யாணச் சீரோடு அதையும் மாப்பிள்ளை வேலுமணியிடம் ஒப்படைத்தார். வெயிலில் ரொம்ப விரட்ட வேண்டாம், அதற்கும் வயசாகிவிட்டது என்று அவர் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னபோது பந்தலே சிரித்தது.

இன்று அந்தச் சீரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேலுமணி வந்திருந்தான். இளம்பிள்ளைக்கு அப்பாலிருந்து விடியலிலேயே ஓட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டு, கட்டுத்தரையில் எருதுகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. வந்த மாப்பிள்ளைக்கு ஒரு வாய் மோர்கூடக் கொடுக்காத வீடு என்று அந்த வீட்டுக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுவதாக ஏற்பாடு. சௌந்திரம் இனி அம்மா வீட்டோடு இருக்கட்டும் என்று பேசி முடித்துவிடுவார்கள். அண்ணன் குமாரசாமி பெரிய மாமனை அழைத்துவர இராசிபுரம் போயிருந்தான். வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமுன் அதன் கதி என்ன என்று பார்த்துச் சொல்லும்படி, சூரமங்கலத்தில் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீபுக்கும் ஆள் அனுப்பியிருந்தான். அப்பா காலத்திலிருந்து அந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்.

அன்று நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த சௌந்திரத்துக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நம்மால் ஆகாது என்று மருத்துவச்சி ஆத்தாயி கையை விரித்துவிட்டாள். உச்சி நெருங்கும் வேளையில் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வேலுமணி ஓட்டினான், அம்மா கண்ணாத்தாளும் ஆத்தாயியும் பின்சீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

மல்லூர் தாண்டி, மூடிக்கிடக்கும் கள்ளுக்கடை மேட்டில் வண்டி நின்றுவிட்டது.

வேலுமணி கை உரியும் வரைக்கும் முன்பக்கத்து ஹேண்டிலைச் சுற்றினான். இருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினான். ஒன்றும் பலிக்காமல், மாட்டுவண்டி தேடிக் காட்டுக்குள் ஓடினான். அவன் போயிருந்த நேரத்தில் நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ் வர, பெண்கள் இருவரும் சௌந்திரத்தை அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தாமதத்தில் பிள்ளை பிழைக்கவில்லை.

அதோடு போயிருந்தால் விதி என்று விட்டிருப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வேலுமணி ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினான். சேலத்தில் சோலியாக இருந்து செய்தி கேட்டு ஓடிவந்த குமாரசாமி, அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எந்தங்கச்சிக்கு ஓடாத வண்டி உனக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?"

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், பெட்ரோல் தீர்ந்துவிட்டது, காலையில் ஊற்ற மறந்துவிட்டேன், அப்புறம் வழியில் வந்தவரிடம் வாங்கி ஊற்றினேன் என்று. அன்றோடு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை.

அது பொய் என்று சௌந்திரத்துக்குத் தெரியும்.

அன்று காலை, வலி எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், இதே வாசலில் அவன் தகர டின்னிலிருந்து வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றியதை அவள் நின்று பார்த்தாள். அந்த வாசனை குமட்டி அவள் வாயைப் பொத்தியதும், அவன் டின்னை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அப்படிப்பட்டவன் ஏன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும்? பொய் சொல்லுகிறவன் அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் அந்தப் பெரியது என்னவென்று நினைத்து நினைத்து, அவள் மனசு புருஷன் மேல் கல்லாகிப் போயிருந்தது.

காலை வெயில் ஏறும்போது ஹனீப் வந்தார். துருக்கித் தொப்பியும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையுமாக, இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்குகிற மனுஷர். வண்டியின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினார், முடுக்கினார், முகர்ந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கச்சேரி கேட்பவரைப்போலத் தலையை ஆட்டினார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"குதிரையாட்டம் இருக்குது. இதைப் போயி நோயாளின்னு சொன்னாங்களே" என்று துணியில் கையைத் துடைத்தார்.

வாசலில் நின்ற சௌந்திரம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நெழல்ல நிறுத்தி வெச்சுப் பாத்தா என்னங்க தெரியும் சாயபு? அன்னைக்கு நின்ன நேரத்துல, நின்ன ரோட்டுல ஓட்டிப் பாருங்க. நானும் வாரேன்."

கட்டுத்தரையில் வேலுமணி எழுந்து நின்றுவிட்டான். "வேண்டாம் அம்மிணி. உடம்பு தேறாம இந்த வெயில்ல எதுக்கு?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்தாள். கண்ணாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு மாசத்தில் அம்மாவும் பாதியாகிப் போயிருந்தாள். மகளுக்குப் பத்தியம் வடித்துக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோன நாட்கள் எத்தனையோ.

"போய்ட்டு வா சாமி. அந்த எடத்தப் பாத்தாத்தான் மனசு ஆறும்னா போய்ட்டு வா" என்றாள் கண்ணாத்தாள்.

ஹனீப் ஓட்டினார். வேலுமணி அவருக்குப் பக்கத்தில். பின்சீட்டில் சௌந்திரம் தனியாக. அன்று மூன்று பேர் நெருக்கிக்கொண்டு வந்த இடம் இன்று அகலமாகக் கிடந்தது.

வெயில் தார் போடாத ரோட்டின்மேல் வெள்ளையாக எரிந்தது. கடலைக்காடுகள் காய்ந்து வெடித்திருந்தன. ஹனீப் ஏதேதோ பேசிப் பார்த்தார். இந்த வெயிலில் வண்டி நிற்கிறதோ இல்லையோ, தன் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் பேச்சை விட்டுவிட்டார்.

மல்லூர் தாண்டியது. கள்ளுக்கடை மேடு தெரிந்தது. மதுவிலக்கு வந்து கடைகளை மூடி இரண்டு கோடை ஆகியும் அந்த இடத்துக்குப் பெயர் மாறவில்லை. கூரை சரிந்த கொட்டகை ஒன்று மட்டும் நின்றது. சௌந்திரம் முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி முனகிக்கொண்டே மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஓடியது.

ஹனீப் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினார். மறுபடியும் ஏறியது. அன்றைக்கு ஆட்கள் அதிகமாக இருந்தார்களே, பாரம் காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. ரோட்டோரம் குவித்திருந்த ஜல்லிக் கல்லை அவரும் வேலுமணியும் அள்ளிப் பின்சீட்டில் சௌந்திரத்தின் பக்கத்தில் நிரப்பினார்கள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் கல். ஆத்தாயி இருந்த இடத்தில் கல். வண்டி இன்னும் கொஞ்சம் அதிகமாக முனகியது, ஆனால் ஏறிவிட்டது.

ஹனீப் மரத்தடியில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"வண்டியில நோவு இல்லைங்க. அன்னைக்கி இருந்ததைவிட இன்னைக்கி வெயில் ஒசத்தி. இதுக்கே நிக்காதது அதுக்கு எப்படி நிக்கும்? மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. பெட்ரோல் இல்லாமத்தான் நின்னிருக்கு."

"அதைத்தானுங்க நானும் சொன்னேன். திரும்பலாமுங்க" என்றான் வேலுமணி. அவசரமாகச் சொன்னான்.

"பெட்ரோல் இருந்துச்சு" என்றாள் சௌந்திரம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலையில டின்னுல இருந்து நீங்க ஊத்துனீங்க. நான் வாசல்ல நின்னேன். வாசத்துல கொமட்டுச்சுன்னு தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க. மறந்துட்டீங்களா?"

ஹனீப் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். புருஷன் பெண்டாட்டி நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷனின் சங்கடம் அவருக்கு.

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். அதே ரோடு, அதே வேளை, அதே பாரம். பின்னே வேறு என்ன? வலியில் மூழ்கி மூழ்கி எழுந்த அந்த நேரத்தை அவள் இதுவரை நினைத்துப் பார்க்கப் பயந்திருந்தாள். இப்போது வேண்டுமென்றே அதற்குள் இறங்கினாள். ஆத்தாயியின் வெற்றிலை வாசம். வண்டியின் இரண்டு பக்கமும் மறைப்பாகக் கட்டிய சேலைகள். அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. வலி விட்ட சமயம் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தபோது, கண்ணாடிக்கு அப்பால் பச்சையாக என்னவோ ஆடிக்கொண்டிருந்தது.

பச்சையாக.

அவள் கண்ணைத் திறந்தாள். "அன்னைக்கு முன்னாடி வேப்பங்கொழை கட்டியிருந்துச்சு."

வயிற்றுப்பிள்ளைக்காரியை உச்சிவேளையில் வெளியே கொண்டுபோகும்போது, காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க வேப்பங்கொழையை, வேப்பிலைக் கொத்தை, வைத்து அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். மடியில் ஒரு கொத்து, வண்டி நுகத்தடியில் ஒரு கொத்து. மாட்டுவண்டிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அன்று கிளம்பும்போது மோட்டாரின் முகப்பு முழுக்கக் கொழை கொழையாகச் சாத்தி, அதன்மேல் மஞ்சள் தோய்த்த துணியைப் போர்த்தி, கொழை நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. போகிற வழியில் சுடுகாடு இருக்கிறது, காற்றுகூட உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லிக் கட்டிய கை யாருடையது என்பதும் இப்போது அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் அப்போதும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைத்தது வேலுமணிதான்.

அவள் இறங்கி ரோட்டோரத்து வேம்பின் கிளையை எட்டி வளைத்தபோது, அவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"விடு அம்மிணி. அதைத் தொடாதே."

"எதுக்குங்க?"

"சொன்னாக் கேளு. வா, ஊட்டுக்குப் போலாம்."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் இருந்தது மாட்டிக்கொண்டவனின் பயம் இல்லை. கிணற்று விளிம்பில் நிற்கிற குழந்தையைப் பார்த்துவிட்டவனின் பயம்.

அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவருக்கு எல்லாம் தெரியும்.

அவள் அவன் கையை விலக்கிவிட்டுக் கொழையை ஒடித்தாள். மேலும் மேலும் ஒடித்தாள். ஒன்றும் புரியாத ஹனீப், இதையும்தான் பார்த்துவிடுவோமே என்று உயரத்துக் கிளைகளை வளைத்துக் கொடுத்தார். அம்மா கட்டிய மாதிரியே முகப்பை மூடி, பின்சீட்டு விரிப்பைப் போர்த்தி, வண்டியில் கிடந்த கயிற்றால் இறுக்கினாள். முடிச்சுப் போடும்போது கை தானாக அம்மாவின் கை போலவே வேலை செய்தது. வேலுமணி ரோட்டின் அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

மல்லூர் வரைக்கும் திரும்பிப் போய், அங்கிருந்து மேட்டை நோக்கி வந்தார்கள். பாதி வழியில் வண்டி ஒரு தரம் இருமியது. அப்புறம் உலுக்கியது. மேட்டின் அடியில் இழுக்கும் சக்தி போய்விட்டது. கள்ளுக்கடைக் கொட்டகைக்கு நேராக, அன்று நின்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பெருமூச்சு விட்டதுபோல நின்றது.

காட்டில் ஒரு செம்போத்து கத்தியது.

ஹனீப்தான் முதலில் குதித்தார். பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்துப் பின்வாங்கினார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுவரும் செம்புக் குழாயின் இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் ஒழுகவில்லை. 'புஸ்' என்று காற்றும் இரண்டு குமிழியும் வந்தன.

நோயைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவர் உரக்கப் பேசினார். காற்றுப் புகாமல் முகப்பை மூடியதால் உள்ளே அடுப்பாகிவிட்டது; பழைய வண்டி, குழாய் எஞ்சினை ஒட்டிப் போகிறது; அதற்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது; ஆவியை எஞ்சின் குடிக்காது; தண்ணீர் ஊற்றினாலும் ஹேண்டில் அடித்தாலும் பிரயோஜனமில்லை; முகப்பைத் திறந்துவிட்டு, குழாய்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாகவே ஓடும்.

"இவ்வளவுதான் சங்கதி. எந்தப் புண்ணியவான் அன்னைக்கி இதைக் கட்டினது? மோட்டாரை மூடிக் கட்டுற புத்தி எவனுக்கு வந்துச்சு?"

"நாந்தானுங்க" என்றான் வேலுமணி.

ஹனீப், பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டுவிட்டோமே என்று கூசிப்போனவராக, துணியை நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக் கிணற்றைப் பார்த்து நடந்தார்.

அவர் போகும்வரை சௌந்திரம் காத்திருந்தாள்.

"இன்னும் எத்தனை பொய்யிங்க சொல்லுவீங்க?"

அவன் கொழைகளை அவிழ்க்க ஆரம்பித்தான். அனலில் இலைகள் சுருண்டு கருகியிருந்தன. அவற்றைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல் மெல்லச் சொன்னான். அன்று மாட்டுவண்டி தேடி அலைந்துவிட்டுத் திரும்பியபோது அவளைக் காணோம். ஆத்திரத்தில் அந்தக் கொழைக் கட்டைப் பிய்த்து எறிந்தானாம். கொழை இப்படித்தான் வெந்திருந்தது. பானெட்டைத் திறந்துவைத்து அழுதுகொண்டு நின்றுவிட்டு, மனசு கேட்காமல் ஹேண்டிலைச் சுற்றினால், முதல் சுற்றிலேயே வண்டி எடுத்துக்கொண்டது. சேலம் போகிற வரைக்கும் நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டு போகும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில உங்கம்மா தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டிருந்தாங்க. வண்டிக்கு என்னாச்சுங்க மாப்பிள்ளைன்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அந்த ஊட்டுல, அவங்க கையில சோறு வாங்கித் தின்னுக்கிட்டுப் படுத்திருந்தே."

சௌந்திரத்துக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தேக்கிவைத்த கோபம், போக வேறு இடமில்லாமல் அவன் மேலேயே வந்தது.

"செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு உங்களை வைதேன். சாமிகிட்ட உங்களுக்குக் கேடு கேட்டேன். சாயங்காலம் பேசி முடிச்சு என்னை அத்துவிட்டிருப்பாங்க. அதுக்கும் தலையை ஆட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

"என்னை வையலாம் அம்மிணி. வைதுட்டு நீ பொழச்சுக்குவே. உங்கம்மாளை உன்னால வைய முடியுமா?"

அவள் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில் தலைமேல் நின்றது. அவன் தன் மேல்துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான். அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

அப்புறம் அவள் கேட்டாள். அன்றிலிருந்து யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த ஒன்று. மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துபோய், பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தவன் அவன்தான். அவள் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"யாராட்டம் இருந்துச்சுங்க?"

அவன் கருகிய இலையொன்றை விரலில் உருட்டினான்.

"சொல்லுங்க."

"அத்தையாட்டம்" என்றான். "அப்படியே உங்கம்மாதான். அதே தாடை."

சௌந்திரம் அவன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில், தொடாமல், கைகளை முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஹனீப் தண்ணீர் கொண்டுவந்தார். ஈரத்துணியைக் குழாய்மேல் போட்டுவிட்டு, அவர்கள் பக்கம் வராமல் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்தார். பீடி முடிந்ததும் ஹேண்டிலைச் சுற்றினார். வண்டி எடுத்துக்கொண்டது. இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

அவர் வெண்ணந்தூர் திரும்பவில்லை. இங்கிருந்தே பஸ் பிடித்தால் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் சூரமங்கலம் போய்விடலாம் என்றார். குமாரசாமி கவுண்டர் கேட்டால், வெயில் தாங்காத வண்டி, குழாயைத் தள்ளி வைத்துக் கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி. எங்க வீட்டுலயும் எம் பெண்டாட்டி ரஹமத் பீவி, ஓதி முகத்துல ஊதாம என்னைப் படி இறங்க விடமாட்டா. அவுங்க பயம் அவுங்களுக்கு. நம்ம மேல உசிர வெச்சிருக்காங்க, வேற என்ன?"

அவ்வளவுதான் சொன்னார். வேலுமணியின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். 'நாந்தானுங்க' என்ற அந்தப் பேச்சை அவர் நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வேலுமணி கற்களை இறக்கிப்போட்டுவிட்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். எந்த ஊட்டுக்கு என்று கேட்டான்.

"மொதல்ல எங்கம்மா ஊட்டுக்கு. அப்பறம் நம்ம ஊட்டுக்கு."

அவன் முன்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டான். வழி நெடுக ஒன்றே ஒன்றுதான் கேட்டான், அத்தைக்குத் தெரியவே கூடாது என்று. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வாசலில் கயிற்றுக் கட்டில்கள் போட்டிருந்தன. பெரிய மாமனும், வேலுமணியின் சித்தப்பாவும், இன்னும் நாலைந்து பேரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வண்டியிலிருந்து தங்கை இறங்கியதையும், அவள் தலையில் வேலுமணியின் துண்டு கிடந்ததையும் பார்த்துக் குமாரசாமி எழுந்தான்.

ஆண்கள் கூடிய இடத்தில் பெண்கள் வாய் திறப்பது அங்கே வழக்கமில்லை. சௌந்திரம் திறந்தாள்.

"அண்ணா, அன்னைக்கு வண்டியில பெட்ரோல் இருந்துச்சு. ஊத்துனத என் கண்ணால பாத்தேன். அனல்ல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாப் போயி வண்டி நின்னிருக்கு. இன்னைக்கும் அதே எடத்துல நின்னுச்சு. ஆறுனதும் ஓடுச்சு. சாயபு கையோட காட்டுனாரு. இவரு மேல தப்பில்லை. யாரு மேலயும் தப்பில்லை. நான் எங்க ஊட்டுக்குப் போறேன்."

கட்டில்களில் சலசலப்பு எழுந்து அடங்கியது. பெரிய மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது பேச வேண்டிய விஷயமே இல்லை போலிருக்கிறதே என்றார். குமாரசாமி மச்சானைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அன்று சட்டையைப் பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

கண்ணாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். சௌந்திரத்தால் அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் இனி அதில் இன்னொரு முகமும் தெரியும்.

மகளின் தோளைத் தடவினாள் அம்மா. மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். பாவி மக்கள் உங்களை என்னென்னவோ பேசிவிட்டோமே என்று சொல்லி அழுதாள். வேலுமணி பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அவன் கைகளை அவள் விடவில்லை. அழுகை மெதுவாக நின்றது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"பெட்ரோல் இருந்துச்சுன்னா, இல்லைன்னு எதுக்குங்க மாப்பிள்ளை சொன்னீங்க?"

வேலுமணி வாயைத் திறந்தான். எத்தனையோ பொய்யைச் சுலபமாகச் சொன்னவனுக்கு இந்த ஒரு பொய் அகப்படவில்லை. அவன் பார்வை சௌந்திரத்திடம் போயிற்று.

கண்ணாத்தாளும் அந்தப் பார்வை போன பக்கம் திரும்பினாள்.

"அவரு சொல்ல வேண்டாம்" என்றாள். "நீ சொல்லு சாமி. என்னத்தை எங்கிட்ட மறைக்கிறீங்க?"